தெருச் சந்தாவும் மூன்று சக்கர வண்டியும்: சென்னை நலச்சங்கங்களின் ஒரு பழைய கணக்கு



நம் பொதுக்குழுக் கூட்டங்களில் அதிக நேரம் பிடிக்கும் விஷயங்கள் இரண்டு. ஒன்று தண்ணீர், இன்னொன்று குப்பை. தண்ணீர் என்றால் ஆளுக்கு ஒரு யோசனை சொல்வோம். குப்பை என்றால் மட்டும் "அது கார்ப்பரேஷன் வேலை, நாம் என்ன செய்ய முடியும்?" என்று பேச்சு முடிந்துவிடும்.

ஆனால் சென்னையில் குடியிருப்போர் சங்கங்கள் பெரிய அளவில் தாங்களே இறங்கி ஒரு வேலையைச் செய்து காட்டியது குப்பையில்தான். நம்மில் மூத்தவர்கள் சிலருக்கு அது நினைவிருக்கும். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கும் இளைய குடும்பங்களுக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அந்த வரலாற்றில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் தவிர்க்க வேண்டியதும் இருப்பதால் இந்த இதழில் அதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

மனு எழுதிய காலம்

தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் 1961-இல் தொடங்கப்பட்டது. அதன் பிறகு நகரின் புறப்பகுதிகளில் வரிசையாகக் குடியிருப்புகள் எழுந்தன. இன்று நாம் பார்க்கும் அண்ணா நகர், 1968-இல் அங்கே நடந்த உலக வர்த்தகக் கண்காட்சிக்குப் பிறகு வளர்ந்த பகுதி. இப்படிப் புதிதாகக் குடியேறிய இடங்களில் வீடு இருக்கும், விளக்கு இருக்காது. சாலை போடப்பட்டிருக்கும், பேருந்து வராது. ஆகவே பத்துப் பதினைந்து பேர் கூடி ஒரு சங்கம் அமைப்பார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்ற அரசு ஊழியர் ஒருவர் செயலாளராக இருப்பார். தெருவிளக்கு, பால் பூத், தபால் நிலையம், பேருந்து நிறுத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் மனு போவதுதான் சங்கத்தின் வேலை.

1975-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் இந்தச் சங்கங்களுக்கு ஒரு சட்ட வடிவம் கொடுத்தது. விதிகள், உறுப்பினர் பதிவேடு, ஆண்டுப் பொதுக்குழு, வரவு செலவுக் கணக்கு என்று இன்று நாம் பின்பற்றும் முறைகள் எல்லாம் அங்கிருந்து வந்தவை. ஆனால் சங்கத்தின் அடிப்படை வேலை மாறவில்லை. கேட்பது சங்கம், செய்வது அரசு என்பதே ஏற்பாடு.

மாமன்றம் இல்லாத ஆண்டுகள்

கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தால்தான் இந்த ஏற்பாடு நடக்கும். 1688-இல் தொடங்கி, இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி என்ற பெயர் பெற்றது சென்னை மாநகராட்சி. அதன் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் 1973-இல் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் நடந்தது 1996-இல். இடையில் ஏறக்குறைய 23 ஆண்டுகள் இந்த நகரில் மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. நிர்வாகம் முழுவதும் அதிகாரிகள் கையில் இருந்தது.

அதே ஆண்டுகளில்தான் நகரம் வேகமாக வளர்ந்தது. தனி வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் வரத் தொடங்கின. ஒரு குடும்பத்தின் குப்பை விழுந்த இடத்தில் எட்டுக் குடும்பங்களின் குப்பை விழுந்தது. தெருமுனையில் இருந்த சிமென்ட் தொட்டி நிரம்பி வழியும். மாடும் நாயும் அதைக் கிளறும். மழை பெய்தால் எல்லாம் கால்வாயில் போய் அடைக்கும். வார்டு உறுப்பினர் வீட்டுக் கதவைத் தட்டி முறையிடலாம் என்றால் அப்படி ஒருவரே கிடையாது. மனு எழுதும் சங்கங்கள் செய்வதறியாமல் நின்ற நேரம் அது.

ஒரு வங்கி அதிகாரியின் யோசனை

இந்தச் சூழலில் 1989 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று தொடங்கப்பட்டது எக்ஸ்னோரா. அதைத் தொடங்கியவர் எம்.பி. நிர்மல். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில் அதிகாரியாக இருந்தவர். ஹாங்காங்கில் பணியாற்றியபோது அங்குள்ள தெருக்களின் தூய்மையைக் கண்டு, நம் ஊரில் இது ஏன் முடியவில்லை என்று யோசித்தவர். நானும் வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் இதை எழுதும்போது எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருக்கிறது. சிறந்த, புதிய, அடிப்படையையே மாற்றக்கூடிய யோசனைகள் என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர்தான் எக்ஸ்னோரா.

யோசனை எளிமையானது. குப்பை தெருத்தொட்டிக்குப் போவதால்தான் தொட்டி வழிகிறது. அதை வீட்டு வாசலிலேயே வாங்கிவிட்டால் தெருவில் விழாது. வீட்டு வாசலில் வாங்க மாநகராட்சியிடம் ஆள் இல்லை என்றால், தெருக்காரர்களே ஓர் ஆளை நியமித்துக்கொள்ளலாம்.

இப்படி ஒரு தெருவோ, அடுத்தடுத்த இரண்டு மூன்று தெருக்களோ சேர்ந்து அமைத்த குழுவுக்கு 'சிவிக் எக்ஸ்னோரா' என்று பெயர். ஒரு குழுவில் ஏறக்குறைய 75 முதல் 100 குடும்பங்கள் இருக்கும். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தெருவாசிகளே பொறுப்பேற்றார்கள். பல தெருக்களில் இந்தப் பொறுப்பை முன்நின்று எடுத்துச் செய்தவர்கள் பெண்கள்.

குப்பை எடுக்க வருபவரை 'ஸ்ட்ரீட் பியூட்டிஃபையர்', அதாவது தெருவை அழகாக்குபவர் என்று அழைத்தார்கள். அவரிடம் ஒரு மூன்று சக்கர வண்டி இருக்கும். காலையில் விசில் ஊதிக்கொண்டு அவர் வருவார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குப்பையை வாங்கி, தெருவைப் பெருக்கி, வண்டியைக் கொண்டுபோய் மாநகராட்சியின் பெரிய தொட்டியிலோ சேகரிப்பு இடத்திலோ கொட்டுவார். அதுவரை தெருத்தெருவாகப் பழைய காகிதமும் பிளாஸ்டிக்கும் பொறுக்கிப் பிழைத்தவர்கள் பலருக்கு இதனால் மாதச் சம்பளம் உள்ள ஒரு வேலை கிடைத்தது.

தெருவின் வரவு செலவு

வணிகவியல் படித்தவனாக எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதன் கணக்குதான். சந்தா இடத்துக்கு இடம் மாறுபட்டது. மாதம் 10, 15, 20 ரூபாய் என்ற அளவில் இருந்தது. 100 வீடுகள் தலா 10 ரூபாய் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். மாத வரவு 1,000 ரூபாய். அதில் பெரும்பகுதி வண்டிக்காரரின் சம்பளம். மீதியில் வண்டி பழுது, துடைப்பம், ரசீதுப் புத்தகம் எல்லாம் அடங்க வேண்டும்.

இதில் பத்து வீடுகள் சந்தா தரவில்லை என்றால் 100 ரூபாய் குறையும். "தராதவர் வீட்டுக் குப்பையை எடுக்காதே" என்று சொல்லிவிடலாம். ஆனால் எடுக்காத குப்பை தெருமுனையில்தான் போய் விழும். அப்புறம் சந்தா கொடுத்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். ஆகவே பொருளாளர் அந்தப் பத்து வீட்டுக்கும் நேரில் போய்ப் பேச வேண்டியிருந்தது. சந்தா வசூல் என்ற பெயரில் தெருவில் எல்லோரும் எல்லோரையும் தெரிந்துகொண்டார்கள். மனு எழுதிய காலத்தில் செயலாளரைத் தவிர வேறு யாருக்கும் வேலை இருந்ததில்லை. இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தினமும் ஒரு வேலை இருந்தது: விசில் கேட்டதும் வாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவது.

1990-களின் நடுவில் சென்னையில் சிவிக் எக்ஸ்னோராக்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. 1996-இல் இஸ்தான்புல்லில் நடந்த ஐக்கிய நாடுகள் சபையின் குடியிருப்பு மாநாட்டையொட்டித் தொகுக்கப்பட்ட சிறந்த நகர்ப்புற நடைமுறைகளின் பட்டியலிலும் இந்த முயற்சி இடம் பெற்றது. குப்பை எடுக்கத் தொடங்கிய தெருக்கள் அத்துடன் நிற்கவில்லை. மரம் நடுவது, கால்வாய் தூர்வாரச் சொல்லி வற்புறுத்துவது, மழைநீர் சேமிப்பு என்று அடுத்தடுத்த வேலைகளுக்கும் போயின.

கணக்கின் மறுபக்கம்

வரவுப் பக்கத்தை மட்டும் காட்டினால் அது சரியான கணக்காகாது. பற்றுப் பக்கத்தில் மூன்றைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, வண்டிக்காரரின் நிலை. சந்தாவில் வந்ததுதான் அவருக்குச் சம்பளம். பிஎஃப், இஎஸ்ஐ என்று எதுவும் பெரும்பாலும் கிடையாது. கையுறை போட்டு வேலை செய்ததும் அபூர்வம். அழகான பெயர் வைத்தோம். அந்த வேலைக்குத் தகுந்த பாதுகாப்பை எல்லாத் தெருக்களும் கொடுக்கவில்லை.

இரண்டாவது, சந்தா கொடுக்க வசதியுள்ள தெருக்களில்தான் இந்த ஏற்பாடு வேகமாகப் பரவியது. குடிசைப் பகுதிகளிலும் நெருக்கமான சந்துகளிலும் இது அதே அளவு நடக்கவில்லை. நடுத்தர வர்க்கத்தின் தெரு சுத்தமானது. பக்கத்துத் தெருவின் நிலை பல இடங்களில் அப்படியே இருந்தது.

மூன்றாவதுதான் முக்கியமானது. தெருவிலிருந்து எடுத்த குப்பை எங்கே போனது? தெருக்காரர்கள் நியமித்த ஆள் மாநகராட்சித் தொட்டி வரைதான் கொண்டுபோக முடியும். அங்கிருந்து லாரி எடுக்கத் தாமதமானால் அந்தத் தொட்டி வழியும். நம் தெருமுனையில் வழிந்தது நாலு தெரு தள்ளி வழிந்தது, அவ்வளவுதான். இது எக்ஸ்னோராவில் இருந்தவர்களுக்கும் புரிந்தது. 1990-களின் பிற்பகுதியில் அவர்கள் பேச்சு மாறியது. குப்பையை இடம் மாற்றினால் போதாது, குறைக்க வேண்டும் என்றார்கள். மக்கும் குப்பையை வீட்டிலேயே பிரித்து, தெரு அளவிலேயே உரமாக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார்கள். சில பகுதிகளில் அதைச் செய்தும் காட்டினார்கள்.

ஆனால் இரண்டு வேண்டுகோளுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தது. வாளியை வாசலில் கொண்டுவந்து வைக்கச் சொன்னபோது கேட்ட குடும்பங்கள், சமையலறையில் இரண்டு வாளி வைக்கச் சொன்னபோது அதே ஆர்வத்தோடு கேட்கவில்லை.

சூரத்திலிருந்து ஓனிக்ஸ் வரை

இதற்கிடையில் நாட்டு அளவில் வேறொன்று நடந்தது. 1994 செப்டம்பரில் குஜராத்தின் சூரத் நகரில் பிளேக் பரவியதாக எழுந்த பீதி நாடு முழுவதையும் உலுக்கியது. தேங்கிய குப்பையும் சாக்கடையும் உயிருக்கே ஆபத்து என்பது எல்லோருக்கும் உறைத்தது. 1996-இல் அல்மித்ரா படேல் என்பவர் நகரக் குப்பை தொடர்பாக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் அமைத்த குழு 1999-இல் அறிக்கை கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக 2000-ஆம் ஆண்டு நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. வீடு வீடாகக் குப்பை சேகரிப்பது உள்ளாட்சியின் கடமை என்று அந்த விதிகள் சொல்லின. சென்னையின் தெருச் சங்கங்கள் பத்தாண்டுகளாகச் சந்தா போட்டுச் செய்துவந்த வேலை, நாடு முழுவதற்கும் சட்டமானது.

அதே 2000-இல் சென்னை மாநகராட்சி அப்போதிருந்த 10 மண்டலங்களில் மூன்றின் துப்புரவுப் பணியைத் தனியாரிடம் கொடுத்தது. அந்த நிறுவனத்தை 'ஓனிக்ஸ்' என்ற பெயரில் பலருக்கும் நினைவிருக்கும். சீருடை, புது வண்டிகள், குறித்த நேரத்தில் வருகை என்று தொடக்கத்தில் மக்களுக்கு நல்ல திருப்தி. 2007-க்குப் பின் அந்த இடத்துக்கு அடுத்தடுத்து வேறு நிறுவனங்கள் வந்தன.

தெருச் சங்கங்களுக்கு என்ன ஆனது? வண்டி மாநகராட்சிச் செலவிலேயே வாசலுக்கு வரும்போது சந்தா எதற்கு என்று மக்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வரி கட்டுகிறோம், சேவை வருகிறது. பல தெருக்களில் சந்தா நின்றது. சந்தா நின்றதும் வீடு வீடாகப் போவது நின்றது. பிறகு மாதக் கூட்டமும் நின்றது. தோல்வி அடைந்து மூடப்பட்ட அமைப்புகள் அல்ல அவை. தாங்கள் கேட்டது கிடைத்துவிட்டதால் வேலை இல்லாமல் போனவை.

ஒன்று மட்டும் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. கட்டணம் டன் கணக்கில் கொடுக்கப்பட்டது. அள்ளும் குப்பையின் எடை கூடினால் வரவு கூடும். இப்படிப்பட்ட ஏற்பாட்டில் குப்பையைக் குறைப்பதாலோ பிரிப்பதாலோ யாருக்கும் லாபம் இல்லை. பிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்த தெருச் சங்கமும் அப்போது களத்தில் இல்லை.

பெருங்குடியும் கொடுங்கையூரும்

தொட்டியில்லாத தெருக்கள் வந்துவிட்டன. குப்பை மட்டும் எங்கும் போய்விடவில்லை. வடக்கே கொடுங்கையூரிலும் தெற்கே பெருங்குடியிலும் மலையாகக் குவிந்தது. பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில். மழைநீரை வாங்கி வைத்துத் தென்சென்னையை வெள்ளத்திலிருந்து காக்கும் நிலம் அது. 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, ராம்சார் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் கிடங்கு தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. சுற்றியுள்ள அடுக்குமாடிகளில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. வாசலில் வண்டியில் போட்டதோடு முடிந்தது என்று நினைத்த குப்பை, புகையாகத் திரும்பி வந்தது.

இப்போது பழைய குப்பையைச் சலித்துப் பிரித்து நிலத்தை மீட்கும் பணி அங்கே நடக்கிறது. முன்பு கலந்து கொட்டியதைப் பல கோடி ரூபாய் செலவில் இப்போது பிரிக்கிறோம். அதை வீட்டிலேயே பிரித்திருந்தால் செலவு, ஒரு வாளியின் விலை.

நம்மிடம் இருப்பது என்ன?

2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் பழைய விதிகளைவிட ஒரு படி மேலே போயின. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை என்றன. குடியிருப்போர் நலச்சங்கங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, பிரித்துக் கொடுப்பதை உறுதி செய்யும் பொறுப்பையும் கொடுத்தன. நாளொன்றுக்கு சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடங்களை மொத்தக் கழிவு உருவாக்குவோர் என்று தனியாக வகைப்படுத்தின.

100 கிலோ என்பது ஏதோ ஓட்டலுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் உரியது என்று நினைக்க வேண்டாம். ஓர் ஆளுக்கு நாளுக்கு அரை கிலோ என்று குறைத்தே கணக்கிட்டாலும், நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 2 கிலோ. 50 வீடுகள் இருந்தாலே 100 கிலோ வந்துவிடும். அதில் பாதிக்கு மேல் காய்கறித் தோல், சாதம், பூ, காபித்தூள் என்று மக்கக்கூடியதுதான்.

அன்றைய தெருச் சங்கத்தோடு நம்மை ஒப்பிட்டுப் பார்ப்போம். அவர்களுக்குச் சந்தா உறுதியில்லை. நமக்கு மாதாமாதம் மெயின்டனன்ஸ் வருகிறது. அவர்கள் குப்பையை வைக்க இடமில்லாமல் திண்டாடினார்கள். நமக்குச் சுற்றுச்சுவருக்குள் இடம் இருக்கிறது. அவர்கள் வீடு வீடாகப் போய்ச் சேதி சொன்னார்கள். நமக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. வசதிகள் எல்லாம் நம்மிடம் கூடுதல்.

இல்லாதது ஒன்றுதான். ஒவ்வொரு வீட்டுக்கும் தினமும் ஒரு வேலை என்ற பழக்கம் நம்மிடம் இல்லை. பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டால், பிறகு அது ஹவுஸ்கீப்பிங் பெண்களின் பாடு. டயப்பர், உடைந்த கண்ணாடி, மீந்த சாம்பார், மாத்திரை அட்டை எல்லாம் ஒரே பையில் இருக்கும். அதைக் கையால் கிளறிப் பிரிப்பவர்கள் அவர்கள். 1990-களின் கணக்கில் வண்டிக்காரர் பெயரில் நாம் எழுதிய அதே பற்று, இன்று இவர்கள் பெயரில் நிற்கிறது.

அடுத்த பொதுக்குழுவுக்கு முன்

இந்த வரலாற்றிலிருந்து எனக்குப் படுவது இதுதான். வண்டி வருவதை, லாரி போவதை, கிடங்கை நடத்துவதை மாநகராட்சி செய்யலாம், நிறுவனம் செய்யலாம். சமையலறையில் பிரிப்பதை மட்டும் யாரிடமும் ஒப்படைக்க முடியாது. அந்த ஒரு வேலையைக் கையில் வைத்திருக்கும் வரை சங்கத்துக்கு உயிர் இருக்கும். இதையும் விட்டுவிட்டால் மெயின்டனன்ஸ் வசூலிக்கும் அலுவலகமாக மட்டும் சங்கம் மிஞ்சும்.

ஆகவே செயற்குழுவின் பரிசீலனைக்கு மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன். ஒன்று, ஒவ்வொரு மாடிக்கும் ஒருவர் பொறுப்பேற்று, மூன்று மாதம் மட்டும் வீடு வீடாகப் போய்ப் பிரிக்கும் முறையை விளக்குவது. அறிவிப்புப் பலகையும் வாட்ஸ்அப்பும் செய்யாததை நேரில் போய்ப் பேசுவது செய்யும் என்பதற்கு அந்தக் காலப் பொருளாளர்களே சாட்சி. இரண்டு, ஒரு பிளாக்கின் மக்கும் குப்பையை மட்டும் எடுத்து நம் வளாகத்திலேயே உரமாக்கிப் பார்ப்பது. சரிவந்தால் மற்ற பிளாக்குகளுக்கும் கொண்டுபோகலாம். மூன்று, ஹவுஸ்கீப்பிங் பணியாளர்களுக்குக் கையுறையும் காலணியும் வாங்கும் செலவைத் தனித் தலைப்பில் வரவு செலவுத் திட்டத்தில் சேர்ப்பது.

நம் வளாகத்திலேயே சிவிக் எக்ஸ்னோரா காலத்தில் தெருப் பொறுப்பில் இருந்தவர்கள் சிலர் இருக்கக்கூடும். அவர்கள் தங்கள் அனுபவத்தை அடுத்த இதழுக்கு எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்றைய ரசீதுப் புத்தகமோ கூட்டக் குறிப்போ யாரிடமாவது இருந்தால் சங்க அலுவலகத்தில் காட்டினால் போதும். பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவோம்.